மூன்றடி ஆழத்து ஈரம்

கோதண்டம் இருபத்து மூன்று வருஷம் பாய்லர் பார்த்தவர். மணலியில் அவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடியபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அதன்பிறகு ஒரு கிடங்கு வாசலில் காவலாளியாக இரண்டு வருஷம் நின்றார். முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. நின்று பார்க்கிற வேலை இனி வேண்டாம் என்றார் டாக்டர். உட்கார்ந்து பார்க்கிற வேலையை அந்த வயதுக்காரருக்கு யாரும் தருவதாக இல்லை.

அவருடைய வீடு திருவொற்றியூரில். அவர்கள் தெரு ஒரு பெரிய மதிலில் போய் முட்டி நிற்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனி. கருவிகளோடு திராட்சை நாற்றும் விற்கலாம் என்று அவர்கள் இறங்கியிருந்தார்கள். புது ரக வேரின்மேல் பன்னீர் திராட்சையை ஒட்டுக்கட்டிய நாற்று அது. தண்ணீர் இல்லாவிட்டாலும் தாக்குப்பிடிக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அதைச் சோதித்துப் பார்க்க, வளாகத்துக்குள் மதிலோரமாகச் செம்மண் கொட்டி, கல்தூண் நட்டு, கம்பிப் பந்தல் போட்டு நாற்பது கொடிகள் வைத்திருந்தார்கள். உள்பக்க வரிசையில் இருபது கொடி. அதற்குச் சொட்டுநீர்க் குழாய். மதிலை ஒட்டிய வரிசையில் இருபது கொடி, அது மானாவாரி. மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அதைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்தது மெர்லின் என்ற பெண். தூத்துக்குடிக்காரி. விவசாயத்தில் ஆராய்ச்சிப் படிப்பு முடித்து வந்தவள், முப்பது முப்பத்தொன்று வயதிருக்கும். வேலை கேட்டு வந்த கோதண்டத்தின் முன்னால் ஒரு கருவியை வைத்து, "இதுல எவ்வளவு காட்டுது, பாத்துச் சொல்லுங்க" என்றாள். கோதண்டம் குனிந்து பார்த்தார். பிறகு நகத்தால் கண்ணாடியை மெல்லத் தட்டினார்.

"முள்ளு ஒட்டிகினு கீது மேடம். தட்டினாத்தான் நெசம் சொல்லும். இப்ப நாப்பத்திரண்டு."

மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டாள்.

வேலை அவருக்குப் பழகிய மாதிரிதான் இருந்தது. இரண்டு வரிசைக்கும் தலைப்பில், மண்ணுக்குள் ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி ஆழத்தில் ஈரமானிகள் புதைத்திருந்தார்கள். தண்ணீர் நிரப்பிய குழாய், அடியில் சுட்ட களிமண் குப்பி, மேலே ஒரு முள். மண் காய்ந்தால் குழாயிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், முள் ஏறும். மண் நனைந்திருந்தால் முள் கீழேயே கிடக்கும். இலைக்கு இன்னொரு கருவி. ஒரு இலையைக் காம்போடு அறுத்து, தடித்த இரும்புக் குடுவைக்குள் வைத்து, காம்பின் நுனி மட்டும் மூடியின் துளை வழியே வெளியே தெரியும்படி இறுக்க வேண்டும். பிறகு சிலிண்டரைத் திறந்து காற்றழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அந்த நுனியில் தண்ணீர் கசியும். அந்த நொடியில் முள் எங்கே நிற்கிறதோ, அதுதான் அந்தக் கொடியின் தாகம். தண்ணீர் குடித்த கொடி எட்டு, ஒன்பதிலேயே கசிந்துவிடும். காய்ந்த கொடி பதினைந்து வரைக்கும் விடாது. கோதண்டம் அந்தக் குடுவையைச் சின்ன பாய்லர் என்றுதான் சொல்லுவார்.

தினமும் உச்சிவேளையில் நாற்பது கொடிக்கும் அளவு எடுக்க வேண்டும். வியாழக்கிழமைகளில் விடிவதற்கு முன்னும் ஒரு தடவை. ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதுவும் கிடையாது. ஒரு நாள் விட்டுப்போனாலும் வரைபடத்தில் கோடு அறுந்துவிடும் என்று மெர்லின் சொல்லியிருந்தாள். வாசலில் கட்டைவிரலை வைத்தால்தான் கதவு திறக்கும். உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் பதிவாகும். வாலாஜாபாத்தில் மச்சினன் மகள் கல்யாணத்துக்குச் செங்கொடி தனியாகத்தான் போய்வந்தாள். செங்கொடி அவர் மனைவி. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய, சங்கத்தில் உறுதியாக நின்ற ஒருவர் தன் மகளுக்கு வைத்த பெயர் அது.

முதல் கோடை அவருக்குப் பொறுக்கவில்லை. உள்வரிசை பச்சைப் பசேல் என்று பந்தலை மூடியபோது, மதிலோர வரிசையில் இலைகள் விளிம்பு கருகி உள்பக்கமாகச் சுருண்டன. கம்பியைப் பிடிக்க நீண்டிருந்த பற்றுக்கம்பிகள் காய்ந்து உதிர்ந்தன. பிஞ்சுகள் மிளகளவுக்கு வந்து அப்படியே நின்றன. கையெட்டும் தூரத்தில் குழாய் இருந்தது. ஒரு குடம் ஊற்றினால் போதும். ஊற்றினால் சோதனை கெட்டுவிடும். தன் தண்ணீர் பாட்டிலைக்கூட அந்த வரிசைப் பக்கம் எடுத்துப்போக அவருக்குக் கூச்சமாக இருந்தது. அறைக்குள் போய்க் குடித்துவிட்டு வருவார்.

வீட்டில் சொன்னபோது செங்கொடி சிரிக்கவில்லை. "செடிக்கு ஜெயிலரா உன்ன வெச்சிக்கிறாங்கோ" என்றாள்.

"ஜெயிலருக்காச்சும் லீவு கீது" என்றார் அவர்.

இரண்டாவது வருஷம் நிலைமை தலைகீழானது. மழைக்காலம் முடிந்து, தையும் மாசியும் போய், பங்குனி வெயில் ஏறிவிட்டது. மானாவாரி வரிசையில் முள் எழுபதைத் தாண்டியிருக்க வேண்டும். ஒரு அடி ஆழத்தில் அப்படித்தான் இருந்தது. மூன்றடி ஆழத்தில் முள் பதினைந்தை விட்டு நகரவில்லை. பல கொடிகளில் இலைகள் அகலமாக வந்தன. கொத்துகள் இறங்கின. தட்டித் தட்டிப் பார்த்தார். கருவி சரியாகத்தான் இருந்தது.

கம்பெனியை நடத்துகிறவர் சுப்புராஜ். சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்து சொந்த உழைப்பில் இதைக் கட்டியவர். அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வேர் ஜெயித்துவிட்டது என்றார். மெர்லினுக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. ஒரு நாள் காலையில் கோதண்டம் வந்தபோது பந்தலுக்கு நேர் எதிரே இரண்டு கேமராக்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவற்றின் பார்வை மானாவாரி வரிசைமேல் இருந்தது.

மெர்லின் அவரை அறைக்குள் கூப்பிட்டாள். உட்காரச் சொன்னாள். சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் மேஜைமேல் இருந்த பேனாவை நாலு தடவை இடம் மாற்றினாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. செடி வாடுறதைப் பாத்துட்டு மனசு கேக்காம... நீங்க தண்ணி ஊத்துனீங்களா?"

"இல்ல மேடம்."

"ஒரு தடவைகூட?"

"போன வருசம் ஊத்தணும்னு இருந்துச்சு. ஊத்தல. இந்த வருசம் அந்த நெனப்பே வர்ல."

அவள் நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேமராக்கள் இருந்தன. அன்றிலிருந்து கை கழுவக்கூட அவர் மதிலோரம் போகவில்லை. குனிந்து முள்ளைப் பார்க்கும்போது முதுகில் யாரோ கைவைத்திருப்பது போல இருந்தது. இருபத்து மூன்று வருஷம் பாய்லர் பார்த்ததில் அவர் எழுதிய எண்ணை யாரும் ஒரு தடவையும் சந்தேகப்பட்டதில்லை.

அதே மாதங்களில்தான் மதிலுக்கு வெளியே, அவர் தெருவில், தெருக்குழாயிலிருந்து இழுக்கும் அடிபம்பு காற்று வாங்கத் தொடங்கியிருந்தது. ஒன்று விட்டு ஒரு நாள் வந்துகொண்டிருந்த தண்ணீர் முதலில் மெலிந்தது, பிறகு நின்றது. பெண்கள் லாரிக்குக் காத்திருந்தார்கள். உச்சிவேளையில் சிலிண்டரைத் திறந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கோதண்டத்துக்குக் கேட்கும். இடையிடையே செங்கொடியின் குரலும் கேட்கும். இரண்டையும் அவர் சேர்த்து யோசிக்கவில்லை.

தன்மேல் விழுந்த பழியைப் பற்றித்தான் யோசித்தார். பழைய பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு கொடியாகப் பார்த்தார். கம்பெனியில் மற்றவர்கள் எல்லாரும் இருபது கொடிக்கும் சேர்த்த சராசரியைத்தான் பார்த்திருந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தபோது, மூலையில் இருந்த ஒன்றாம் கொடி எட்டில் கசிந்தது. ஐந்தாம் கொடி ஒன்பது. பத்தாம் கொடி பதினொன்று. இருபதாம் கொடி பதினைந்து, போன வருஷம் போலவே. பாய்லர் அறையில் நீராவி எங்கே ஒழுகுகிறது என்று தேடும்போது இப்படித்தான் குழாயோடு நடந்துபோய்த் தேடுவார்கள்.

பதிவேட்டை மெர்லினிடம் கொண்டுபோய்க் காட்டினார். "நா ஊத்தறதா இருந்தா எல்லாத்துக்கும் ஊத்தியிருப்பேன் மேடம். ஒரு மூலைக்கு மட்டும் இன்னாத்துக்கு ஊத்தப் போறேன்?"

அவள் ஒன்றிலிருந்து இருபது வரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, "தோண்டிப் பாப்போம்" என்றாள்.

ஒன்றாம் கொடிக்கு இரண்டடி தள்ளி கோதண்டமே தோண்டினார். முழங்கால் வலியோடு உட்கார்ந்து உட்கார்ந்து தோண்டினார். செம்மண் தாண்டி, கடல் மணல் வந்தது. மூன்றடியில் மணல் கையில் ஒட்டியது. நாலடியில் குழியின் அடியில் தண்ணீர் ஊறி, கண்ணெதிரே ஏறியது. நக்கிப் பார்த்தார். உப்புக் கரிக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் வாசனை லேசாக அடித்தது.

குடிதண்ணீர்.

முதல் கோடை முடிந்ததும், சாய்ந்த மூலைக் கல்தூணைப் பிடுங்கி மறுபடி நட்ட நாள் அவருக்கு நினைவுக்கு வந்தது. பந்தலின் இழுவையைத் தாங்குவதற்காக அந்த ஒரு தூணை மட்டும் ஆழமாக இறக்கினார்கள். கடப்பாரை எதிலோ மோதியது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் நிறுத்திவிட்டுக் கோதண்டத்தின் முகத்தைப் பார்த்தார்கள். பழைய அஸ்திவாரமாக இருக்கும், இடி என்று சொன்னது அவர்தான். மதிலுக்கு அடியில் ஓடிய தெருக்குழாயின் இணைப்பை அன்றைக்குத்தான் பெயர்த்திருக்கிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, அவர் தெருவுக்குப் போக வேண்டிய தண்ணீரை மானாவாரிக் கொடிகளின் வேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

சுப்புராஜ் வந்து குழியைப் பார்த்தார். நிதானமான மனிதர். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"மூடிருங்க கோதண்டம்."

"சார், இது தெருத் தண்ணி."

"தெரியுது. பன்னெண்டு நாள்ல கம்பத்துலருந்து பஸ்ல விவசாயிங்க வர்றாங்க. அவங்க பாத்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் நானே ஆள் கூப்பிட்டுச் சரி பண்றேன். இப்ப ரோட்டைத் தோண்டினா, எப்படி உடைஞ்சுது, யார் உடைச்சாங்கன்னு கேள்வி வரும். கேள்வி உங்ககிட்டயும்தான் வரும்."

மெர்லின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோதண்டம் குழிமேல் ஒரு தகரத்தைப் போட்டு, அதன்மேல் மண்ணைப் பரப்பினார். மூடியாகிவிட்டது என்று சொன்னார்.

செய்யாத ஒன்றுக்காகத் தன்னைச் சந்தேகப்பட்ட நாட்களே தேவலை என்று அந்தப் பன்னிரண்டு நாளும் அவருக்குத் தோன்றியது. அப்போது அவர் பக்கம் நியாயம் இருந்தது. இப்போது காலையில் கட்டைவிரலை வைத்து உள்ளே போனார், முள்ளைப் பார்த்தார், எழுதினார், வெளியே வந்தார். சுற்றிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால் குடங்கள் வரிசையாக நிற்கும். செங்கொடி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அன்றைக்கு லாரியில் நடந்த சண்டையைச் சொல்லுவாள். அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். வெளியே சொன்னால் வேலை போகும். ஐம்பத்தேழு வயதில் வேறு வேலை கிடையாது. அதோடு, இடி என்று சொன்ன வாய் தன்னுடையது. சொல்லாமல் இருந்தால், செங்கொடி நாளைக்கும் குடத்தோடு லாரிக்கு நிற்பாள். கண்ணை மூடினால் நாலடி ஆழத்தில் அந்தத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

"இன்னா ஒடம்பு சரியில்லியா?" என்று செங்கொடி கேட்டாள்.

"வெயிலு" என்றார்.

பஸ் வந்தது. இருபத்தைந்து பேர் இறங்கினார்கள். சுப்புராஜ் அவர்களை மானாவாரி வரிசையின் முதல் பத்துக் கொடிகளுக்கு முன்னால் நிறுத்திப் பேசினார். பத்தாம் கொடிக்கு அப்பால் மருந்தடித்திருக்கிறது என்று எழுதி ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். தொங்கிய கொத்துகளைப் பார்த்து ஆட்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். இரண்டு பேர் இலையைத் தடவி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒரு இளம்பெண் மட்டும் கூட்டத்தோடு நிற்காமல் கோதண்டம் இருந்த பக்கம் வந்தாள். பெயர் ஜோதிகா என்றாள். அப்பாவுக்கு இடுப்பு முறிந்ததிலிருந்து தோட்டத்தை அவள்தான் பார்க்கிறாளாம்.

"அண்ணே, நீங்கதான் தினமும் பாக்குறீகளா?"

"ஆமாம்மா."

"இந்தக் கோடைக்கு ஒரு தண்ணிகூட விடலையா?"

"நா விடல."

"எங்க போர் ஆயிரத்து இருநூறு அடி போயிருச்சுண்ணே. இன்னும் எறக்குனா பாறைதேன். அப்பா, இருக்குற கொடியெல்லாம் வெட்டிட்டு இதையே வைப்போம்ங்கிறாரு. இருவது வருசக் கொடி. வெட்டிட்டு இது வரலைன்னா அப்புறம் நாங்க என்ன பண்றதுன்னுதேன் ஒரு ரோசனை." அவள் கயிற்றைப் பார்த்தாள். "அங்கிட்டு இருக்குறதுக இலையெல்லாம் சுருண்டு கெடக்கே. மருந்தடிச்சா அப்படியா இருக்கும்?"

கோதண்டம் சுப்புராஜைத் திரும்பிப் பார்த்தார். பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மெர்லின் அவருக்குப் பின்னால், கையில் குறிப்பேட்டோடு. அவள் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"வெட்டாதம்மா" என்றார் கோதண்டம்.

"என்னண்ணே?"

"கொடிய வெட்டாத. இங்க வா."

குனிந்து மண்ணை ஒதுக்கி, தகரத்தின் விளிம்பைப் பிடித்து இழுத்தார். பன்னிரண்டு நாளில் குழி முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஜோதிகா எட்டிப் பார்த்தாள். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். வயதான ஒருவர் குழிக்குள் கையைவிட்டு எடுத்து, விரல்களைத் தேய்த்துப் பார்த்துவிட்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

"குழா ஒடஞ்சி கீது. நம்ப தெருவோட தண்ணி" என்றார் கோதண்டம், யாரிடம் என்றில்லாமல்.

சுப்புராஜ் பக்கத்தில் வந்தார். "நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் கட்டைவிரலை வைத்தபோது கதவு திறக்கவில்லை.

விஷயம் தெருவுக்கும் எட்டி, குடிநீர் வாரியத்து ஆட்கள் மூன்றாம் நாள் வந்து மதிலோரம் தோண்டினார்கள். ஹுமாயூன் என்கிற ஃபிட்டர் ஒரே பகலில் இணைப்பை மாற்றிவிட்டுப் போனார். அன்று மாலையே அடிபம்பில் தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் நிறத்தில், பிறகு தெளிவாக. தெருவில் எல்லாரும் பிடித்தார்கள். கோதண்டத்திடம் யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. குழாய் எங்கே உடைந்தது, அவருக்கு எப்போது தெரியும் என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு மரியம், ஒரு நாளும் பார்த்துச் சிரிக்காமல் போகாதவள், வாசலைக் கடக்கும்போது குடத்தை இடம் மாற்றிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

செங்கொடி நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு நாளு தெரிஞ்சிகினே இருந்த."

"ஆமா."

"நா வந்து லாரிச் சண்டய சொல்லிகினு இருந்தேன். நீ கேட்டுகினு இருந்த."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நா போய்க் கத்தியிருப்பேன். உன் பேரு வந்திருக்காது."

அது அவருக்குத் தோன்றவே இல்லை. பன்னிரண்டு நாளும் வெளியே போக வழியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். வழி எதிரே உட்கார்ந்து குடத்தை இறக்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து மெர்லின் போன் செய்தாள். புதிதாக வைத்த ஆள் குடுவையின் மூடியைச் சரியாக இறுக்காமல் அழுத்தம் ஏற்றி, அது தெறித்து அவன் புருவம் கிழிந்துவிட்டதாம். சோதனையை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கிறார்கள். பழைய அளவுகளோடு ஒப்பிட வேண்டுமானால் அதே கை வேண்டும். சுப்புராஜ் ஒத்துக்கொண்டுவிட்டார். போகக் கூடாது என்றுதான் கோதண்டம் முதலில் நினைத்தார். வேறு எங்கே போவது என்று யோசித்துவிட்டு, மறுநாள் போனார். கதவு திறந்தது.

மானாவாரி வரிசை அவர் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. முதல் வருஷத் தாகத்துக்குப் பழகியிருந்த கொடிகள், நடுவில் கிடைத்த தண்ணீருக்கு இலையைப் பெருக்கி, கொத்தை இறக்கி வைத்திருந்தன. திடீரென்று அது நின்றதும் தாங்க முடியவில்லை. மூன்றடி ஆழத்தில் முள் இருபது, நாற்பது, எழுபது என்று ஏறியது. ஒன்றாம் கொடிதான் முதலில் பட்டுப்போனது. தண்ணீரே காணாத இருபதாம் கொடி, சுருண்ட இலைகளோடு, அப்படியே நின்றது. ஒவ்வொன்றையும் அவர் எழுதினார். பட்டுப்போன கொடிக்கு நேராக ஒரு கோடு போட வேண்டும் என்பது விதி. ஆடிக்குள் ஒன்பது கோடுகள் போட்டிருந்தார்.

மெர்லின் நடந்ததை நடந்தபடியே அறிக்கையில் எழுதினாள். எழுதி முடித்ததும் வேலையை விட்டுவிட்டாள்; கோயம்புத்தூரில் வேறு இடம் கிடைத்திருந்தது. போவதற்கு முன்னால் கோதண்டம் அவளிடம் ஒன்று கேட்டார்.

"மேடம், சோதன முடிஞ்சப்புறம் மிச்சம் கீறதுக்குத் தண்ணி ஊத்தலாமா?"

அவள் பதிவேட்டை மூடிவைத்தாள். "முடிஞ்சதும் எல்லாத்தையும் வேரோட தோண்டி எடுத்துருவாங்கண்ணா. வேர் எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு அளக்கணும். அதுக்காகத்தான் நட்டதே."

"நாப்பதையுமா?"

"நாப்பதையும்."

தோண்டுவதற்கு ஆள் வைப்பார்களா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. யார் தோண்டுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஜோதிகா மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்கிறாள். அவர்கள் கொடியை வெட்டவில்லை. தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, வேர் மூட்டில் சருகு போட்டு மூடி, முள்ளைப் பார்த்துப் பார்த்து விடுகிறாளாம். ஒரு ஈரமானி வாங்கி வைத்திருக்கிறாள். முள் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டாள். நகத்தால் தட்டச் சொன்னார்.

ஒப்பந்தம் கிளை கழிக்கும் அடுத்த கவாத்து வரைக்கும் இருக்கிறது. மதிலோர வரிசையில் இப்போது ஏழு கொடிகள் உயிரோடு இருக்கின்றன. கோதண்டத்துக்கு ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது. நேற்று உச்சிவேளையில் பதினெட்டாம் கொடி பதினாறு வரைக்கும் கசியவில்லை. பதினேழில்தான் கசிந்தது. அதை எழுதிக்கொண்டு பத்தொன்பதாம் கொடியிலிருந்து ஒரு இலையை அறுத்தார்.